கால் அறியாத சூடு

தம்பி,

நேற்று போனில் நீ உன் அம்மாவிடம் சொன்னதை அவள் என்னிடம் அப்படியே ஒப்புவித்துவிட்டாள். அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றாயாம். அவள் வாயில் ஒரு விஷயம் தங்கியதாக உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கல்யாணம் முடிந்த கையோடு கொழும்பு வேலையை விட்டுவிட்டு, நிரோஷாவையும் கூட்டிக்கொண்டு பதுளைக்கே வந்து, டவுனில் ஒரு வீடு பார்த்து, என் காலைப் பார்த்துக்கொள்ளப் போகிறாயாம். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம். பிறகு சிரிப்பு. அதற்குப் பிறகு வந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. உன் அம்மா பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைக்கத் துவாயை நீட்டினாள். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சரி சரி என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரை வாசி. நடுவில் நிறுத்திவிட்டுப் போன் எடுக்காதே.

உன் பயம் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா மறுபடியும் எதையாவது மூடி வைப்பார், தான் கொழும்பில் லிப்ட் திருத்திக்கொண்டிருக்கும்போது இங்கே காலை எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறாய். அப்படி நினைக்க உனக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. போன வருஷம் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, காலில் சின்னப் புண் என்று மட்டும் உனக்குச் சொல்லச் சொன்னது நான்தான். நத்தார் பண்டிகைக்கு வந்தவன், நான் படி ஏறிய லட்சணத்தைப் பார்த்துவிட்டு, கேக்கைக்கூடத் தொடாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஆகவே இந்தத் தடவை ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன். வாசித்த பிறகு இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். நம் தோட்டத்திலேயே காலை ஒளித்து வைத்துக்கொண்டு திரியும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். உன் வயதைவிடக் கூடுதலான காலம் நான் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டினேன். மலையில் எடுத்த கொழுந்தை ஏற்றி, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் இறக்குவது, திரும்பவும் மலைக்கு ஏறுவது, மழை பெய்தாலும் பனி மூடினாலும் அதே பாதை. எங்கள் காலத்துத் தோட்டத்து டிரைவர்கள் ஒருவரும் செருப்போடு லொறியில் ஏறமாட்டோம். ஏறும்போதே கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு, மாதா படத்தைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவோம். பக்கத்து டிவிசன் டிரைவர் முருகன் படம் வைத்திருந்தார், செருப்பு விஷயத்தில் அவருக்கும் இதே சட்டம்தான். சோறு போடுகிற வண்டியில் செருப்பு படக்கூடாது என்பது ஒன்று. வெறும் காலில் மிதித்தால்தான் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று தெரியும் என்பது இன்னொன்று. சப்பாத்துப் போட்டு ஓட்டும் புதுப் பையன்களை நாங்கள் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஆனால் பழைய லொறியின் தகரத் தரை எஞ்சின் சூட்டில் எப்படிக் கொதிக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். மறக்க வைத்தது என் கால்.

சீனி வருத்தம் எனக்கு இருப்பது நீ பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே தெரியும். மாத்திரை தந்தார்கள். கையில் இருந்தது முடிந்தால் முடிந்ததுதான். லீவு கிடைத்தால் கிளினிக்குக்குப் போவேன், இல்லாவிட்டால் பிளேன் டீயைச் சீனி இல்லாமல் குடித்துவிட்டு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டதாக நினைத்துக்கொள்வேன். முதலில் கால் விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு படுத்தால் பாதம் இரண்டும் எரியும், கம்பளி பட்டாலே வலிக்கும். பனிக்குத்தான் இப்படி என்று அடுப்படியில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவேன். சந்தையில் ஒருவன் நரம்புக்கு என்று விற்ற எண்ணெயையும் வாங்கித் தேய்த்தேன். கொஞ்ச காலம் போக எரிச்சல் தானாகக் குறைந்தது, பிறகு நின்றே போனது. எனக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எண்ணெய்க்காரனைத் தேடிப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வலி போனது குணமானதால் இல்லை, வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே செத்துப்போனதால் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தேன். மற்றது எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. குடித்துவிட்டு வந்தீர்களா என்று உன் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவளோடு சண்டை பிடித்தேனே தவிர, காலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் பெரிய வியாழன் பூசையில் கால் கழுவும் பன்னிரண்டு பேரில் என்னையும் போட்டிருந்தார்கள். நம் ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியும்தானே. பங்குச் சாமி கழுவப் போகிற காலை நாம் முதல் நாளே கழுவத் தொடங்கிவிடுவோம். சாமி முன்னால் அழுக்குக் காலை நீட்டிவிட்டான் என்று பெயர் வரக்கூடாது. நானும் அன்றைக்குப் பின்னேரம் ஒரு வாளி சுடுதண்ணீரில் காலை ஊற வைத்து, உரசுகிற கல்லை எடுத்துக் குதிக்காலைத் தேய் தேய் என்று தேய்த்தேன். தடித்த தோல் ஏதோ பெயர்ந்து வந்தது. பழைய தோல் போகிறது, நல்லது என்று நினைத்தேன். தண்ணீரின் நிறத்தை மங்கின வெளிச்சத்தில் நான் கவனிக்கவில்லை. காலில் வெள்ளை மேசோட்டை இழுத்துவிட்டு, அதற்கு மேல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கோயிலுக்கு நடந்தே போனேன்.

பீடத்துக்கு முன்னால் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். சாமி ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் சப்பாத்தைக் கழற்றியதும் பக்கத்தில் இருந்தவர் காலை இழுத்துக்கொண்டார். சாமி மட்டும் முழங்காலில் இருந்தபடியே என் குதிக்காலைக் கையில் ஏந்திப் பார்த்தார். மேசோடு சிவந்து ஒட்டிப்போயிருந்தது.

"அண்ணே, இது எப்ப இருந்து இருக்கு?" என்று குனிந்தபடி மெதுவாகக் கேட்டார்.

"எது சாமி?" என்றேன் நான்.

தம்பி, நான் நடிக்கவில்லை. எதைக் கேட்கிறார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவர் மேசோட்டை மெதுவாக உரித்தெடுத்தார். அப்புறம் காயத்தில் படாமல் விரல்களின் மேல் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், குனிந்து முத்தமும் கொடுத்தார். தண்ணீர் விழுந்ததும் தெரியவில்லை, முத்தமும் தெரியவில்லை. கண்ணால் பார்த்ததால்தான் நடந்தது என்று சொல்கிறேன். கோயில் நிறைய ஆட்கள் இருக்க, என் சொந்தக் கால் எனக்கு அந்நியமாகப் போனது அந்த நேரத்தில்தான் உறைத்தது. அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை, வளைவில் பிரேக் விட்டுப்போன நாளில்கூட வரவில்லை. பூசை முடிந்ததும் சாமியே காலில் சுத்தமான துணியைச் சுற்றி, தன் வேனில் ஏற்றி, பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். நைலோன் நூல் மாதிரி ஒன்றை வைத்துப் பாதத்தில் அங்கங்கே தொடுவார், தெரிந்தால் சொல்ல வேண்டும். நான் காத்துக்கொண்டே இருந்தேன். எப்போது தொடங்குவீர்கள் ஐயா என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்றார். பக்கத்தில் நின்ற உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டொக்டர் பொறுமையான மனுஷன். சீனி கூடிக் கூடி நரம்புகளை அரித்துவிடும், உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போவதுதான், அதனால் அங்கேதான் முதலில் பழுதாகும், பிறகு கைக்கும் வரலாம் என்று விளக்கினார். உனக்கு இது சுலபமாகப் புரியும், நீளமான வயரில்தானே உனக்கும் கரைச்சல் கூட. லொறித் தரைச் சூட்டில் வெந்த குதிக்கால், கல்லால் உரித்ததும் திறந்துகொண்டு கிருமி ஏறியிருக்கிறது. எலும்புக்குப் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்று அவர் சொன்னதைத்தான் உனக்குச் சொல்லாமல் விட்டோம். எலும்புக்குப் போகவில்லை. கெட்ட சதையை வெட்டி எடுத்து, மருந்து கட்டி, மாதக்கணக்கில் அந்தக் காலை நிலத்தில் ஊன்ற விடாமல் வைத்திருந்தே ஆற்றினார்கள். மருந்தைவிடக் காலை ஊன்றாமல் இருந்ததுதான் அதை ஆற்றியது என்று மருந்து கட்டும் மிஸ் சொல்வார். சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

இப்போது வைத்தியம் என்ன நடக்கிறது என்று கேட்பாய். செத்த நரம்பை உயிர்ப்பிக்கிற மருந்து இல்லை. இதை டொக்டர் முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். அதற்கு முதல் மருந்து சீனியைக் கட்டுக்குள் வைப்பதுதான், அதில் இப்போது நான் நல்ல பிள்ளை. காலுக்கு மேலே, கெண்டைப் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிற இடத்தில் எரிச்சல் வரும், அதற்கு ஒரு மாத்திரை தந்திருக்கிறார்கள். வலிப்புக்காரர்களுக்கும் அதே மாத்திரையாம். வாங்கி வந்த அன்று அதைக் கேட்டு உன் அம்மா அழுதுவிட்டாள், நரம்பை அமைதிப்படுத்தத்தான் என்று மிஸ் விளக்கிச் சொன்ன பிறகுதான் அடங்கினாள். கொஞ்சமாகத் தொடங்கி மெதுவாகக் கூட்டினார்கள். முதலில் தலை சுற்றியது, பகலில் தூங்கி வழிந்தேன், போய்ச் சொன்னதும் அளவை மாற்றித் தந்தார்கள். நான் பாட்டுக்கு நிறுத்தவில்லை, அதை எழுதிக்கொள். சீனி மாத்திரையை நெடுங்காலம் குடிக்கிறவர்களுக்கு ஒரு விட்டமின் குறையலாம் என்று இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், குறைந்துதான் இருந்தது, அதற்கு ஊசி போடுகிறார்கள். தேகப்பயிற்சி சொல்லித் தருகிற இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழக்குகிறார்கள். கிழவன் கொக்கு மாதிரி நிற்பதைப் பார்த்து உன் அம்மா சிரிப்பதுதான் அதில் பெரிய கஷ்டம்.

அந்தப் பயிற்சி நடக்கிற இடத்தில்தான் லொறியும் முடிந்தது. கண்ணை மூட வைத்து, பெருவிரலைப் பிடித்து, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேட்டார்கள். மேலே என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தால் கீழே இருந்தது. இன்னொரு தடவை கேட்டார்கள், அதுவும் பிழை. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் லொறியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நரம்பு செத்தது தெரிவதற்கு முன்பே, பிரேக்கில்தான் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு மிதிக்கும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. மழை நாட்களில் கொழுந்து மூட்டைக்கு மேலே பெண்கள் ஏறி வருவார்கள். உன் அம்மா எத்தனையோ தடவை ஏறி வந்திருக்கிறாள். கால் ஆறிய பிறகு தோட்டத்துத் துரை என்னைத் திரும்ப லொறிக்குக் கூப்பிட்டார். இனி ஓட்டமாட்டேன் என்று நானே சொல்லிச் சாவியை மேசையில் வைத்தேன். காலை எடுக்க வேண்டி வரும் என்றதுக்கு அழாதவன் அந்தச் சாவிக்கு அழுதேன். இப்போது ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து வண்டிகளின் வரவைப் பார்த்துக்கொள்கிறேன். செருப்பைக் கழற்றாமல் ஏறச் சொல்லி எல்லா டிரைவர்களையும் ஏசுகிறேன். கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்கிறார்கள்.

என் காலைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்பதுதானே உன் கேள்வி? உன் அம்மா இருக்கிறாள், தம்பி. தினமும் விளக்கு வைத்து ஜெபம் முடிந்ததும் எங்கள் வீட்டில் பெரட்டு நடக்கும். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுப்பார்களே, அதே பெரட்டுத்தான், ஆள்தான் என் பத்து விரல்களும். காலை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, விரல் இடுக்கு, நகம், குதிக்கால் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் பார்க்கிற பார்வைக்குக் கங்காணி தோற்றுப்போவார். கால் கழுவும் தண்ணீரில் அவள் கை விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் நான் கால் வைப்பேன். துடைத்து, இடுக்கில் ஈரம் போக ஒற்றி, பாதத்துக்கு மட்டும் கிரீம் பூசுவாள். அடுப்படிப் பக்கம் காலை நீட்டினால் அகப்பையைத் தூக்கிவிடுவாள். அவள் லுணுகலைக்கு உன் சித்தி வீட்டுக்குப் போகிற நாட்களில் நான் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதற்கு மேலே காலைக் காட்டிப் பார்த்துக்கொள்கிறேன். இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியும் உன் அம்மா என் காலை இப்படிப் பார்த்ததில்லை, நான் அவளை இப்படிப் பார்க்க விட்டதும் இல்லை. மனைவி மடியில் காலை வைத்துக்கொண்டு உட்கார முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது அந்த நேரத்துக்காகப் பின்னேரம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

கிளினிக்கில் எனக்கு ஒரு கூட்டாளியும் கிடைத்திருக்கிறார். வெலிமடைப் பக்கம் லீக்ஸ் பயிர் போடும் சோமபால. முள்ளுக்கம்பி காலில் ஏறியதே தெரியாமல் பாத்தி முழுக்கத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த மனுஷன். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் சரிக்குச் சரி. வாங்குப் பலகையில் உட்கார்ந்ததும் இரண்டு பேரும் காலைத் தூக்கி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். புதிதாக வந்தவர்கள் பயந்துபோய்த் தள்ளி உட்காருவார்கள், கொஞ்ச நேரத்தில் அவர்களும் செருப்பைக் கழற்றிக் காட்டத் தொடங்கிவிடுவார்கள். உனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எரிச்சலில் தூக்கம் வராத நாட்களைப் பற்றி நான் சோமபாலவிடம் பேசியது போல வேறு யாரிடமும் பேசியதில்லை. வலி என்றால் காயம் எங்கே என்று கேட்பார்கள். காயம் இல்லாத வலியையும், வலி இல்லாத காயத்தையும் அந்த வாங்கில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான் விளக்கத் தேவையில்லை.

கல்யாணத்துக்கு என்று நீ அனுப்பிய சப்பாத்து வந்தது. என்ன அழகு! தடவித் தடவிப் பார்த்தேன். ஆனால் போடமாட்டேன். புதுச் சப்பாத்து எங்கே கடிக்கிறது என்று எனக்குத் தெரியாது, பூசை முடிவதற்குள் கதை கந்தலாகிவிடும். கிளினிக்கில் அளவெடுத்துச் செய்து தந்த, வாய் அகன்ற, பார்க்கச் சகிக்காத செருப்பு ஒன்று இருக்கிறது. கோட்டுக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டுதான் வருவேன். நிரோஷா வீட்டார் கேட்டால் மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று உள்ளதைச் சொல். உனக்கும் ஒன்று சொல்கிறேன். இது குடும்பத்தில் வருகிற வருத்தம். கல்யாண வேலையோடு வேலையாக நீயும் இரத்தத்தைக் கொடுத்து ஒரு தடவை பார்த்துவிடு. ஒன்றும் இல்லையென்றால் அடுத்த வருஷமும் பார். என்னைப் போல லீவு கிடைத்தால் என்று தள்ளாதே.

இனி, உன் அம்மாவுக்கும் டொக்டருக்கும் மட்டும் தெரிந்த ஒன்று. கை விரல் நுனிகளில் அந்த எறும்பு ஊர்தல் தொடங்கியிருக்கிறது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, அவள்தான் போட்டுவிடுகிறாள். சட்டைப் பையில் கையை விட்டால் சாவி எது, சில்லறை எது என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தில் எழுத்து கோணலாக இருப்பதும் அதனால்தான். டொக்டர் பார்த்துவிட்டார், மருந்தில் சின்ன மாற்றம் செய்திருக்கிறார், இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கும் தெரியாது. பழைய அப்பாவாக இருந்தால் கல்யாணம் முடியட்டும் என்று இதை மூடி வைத்திருப்பேன். நீ பயப்படுவது அந்த ஆளுக்குத்தான். அந்த ஆள் இப்போது இல்லை என்று காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அதனால் நீ வேலையை விடாதே. உன் வேலை உனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும். உயரத்தில் தொங்கிக்கொண்டு வயரைப் பிரிப்பதைப் பற்றி நீ பேசும்போது முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சாவியைக் கொடுப்பது எப்படி இருந்தது என்று இப்போதுதான் எழுதினேன், அது உனக்கு இந்த வயதில் வர நான் விடமாட்டேன். நிரோஷாவுக்கும் அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை சரியாகிவிட்டது. போய் வாழுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வீடியோ கோல் எடு, கேட்காமலே பாதத்தைத் திருப்பிக் காட்டுகிறேன். அப்பன் பிள்ளைக்கு உள்ளங்காலைக் காட்டுவதா என்று உன் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. மரியாதை பார்த்துப் பார்த்துத்தான் காலைத் தொலைக்கப் பார்த்தேன் என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன். அதில் ஒரு சிவப்பைக் கண்டாயானால் அன்றைக்கே பஸ் ஏறு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் கோயிலுக்குப் புறப்பட முன் நீங்கள் இரண்டு பேரும் எங்கள் முன்னால் முழங்காலில் இருந்து காலைத் தொட்டு ஆசீர்வாதம் கேட்பீர்கள். நீ தொடுவது என் காலுக்குத் தெரியாது, தம்பி. உன் தலையில் கை வைத்துச் சிலுவை போடுவேன், விரலுக்கும் உன் முடி சரியாகத் தெரியாது. நீ பிறந்த அன்று இந்தக் கையால்தான் உன்னை வாங்கினேன். ஆகவே ஒரு உதவி செய். ஆசீர்வாதம் முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாதே. உன் கன்னத்தை என் கன்னத்தோடு கொஞ்ச நேரம் வைத்திரு. கூட்டம் பார்க்கட்டும், போட்டோக்காரர் காத்திருக்கட்டும். அங்கே எனக்கு எல்லாம் தெரிகிறது.

உன் அப்பா